ஒரே வழியில் மூச்சும் கவளமும்

சாப்பிடும்போது பேசக்கூடாது என்று பாட்டிமார் குழந்தைகளை அதட்டுவதும், புரையேறிய பிள்ளையின் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று சமாதானம் சொல்வதும் நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறைகளாக நடந்துவருகிற காரியங்கள். அந்தச் சமாதானத்தை வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்ளாது; ஆனால் அந்த அதட்டலை அட்சரம் பிசகாமல் ஒப்புக்கொள்ளும். மூக்கின் வழியே போகும் காற்றும் வாயின் வழியே போகும் சோறும் தொண்டையில் சிறிது தூரம் ஒரே பாதையில் பிரயாணம் செய்து, அதன் பிறகே ஒன்று முன்புறத்து மூச்சுக்குழலுக்கும் மற்றொன்று பின்புறத்து உணவுக்குழலுக்குமாகப் பிரிகின்றன. ஆகையால் ஒவ்வொரு விழுங்கலின்போதும் மூச்சு ஏறக்குறைய ஒரு விநாடி நின்றுவிட, குரல்வளை மேலெழும்பித் தன் வாயைச் சாத்திக்கொண்டு, கவளம் கடந்த பின்னரே மறுபடி திறக்கிறது. ஆரோக்கியமுள்ளவர்கள் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும் சமயத்தில் விழுங்கி, விழுங்கிய பிறகு மிச்ச மூச்சையும் வெளியிலேயே விடுகிறார்கள். தொண்டையில் தங்கிவிட்ட பருக்கை ஏதேனும் இருந்தால், அது நுரையீரலுக்குள் இழுபடாமல் வெளியே தள்ளப்படுவதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. எச்சிலை விழுங்குவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஐந்நூறு தடவைக்குமேல் இந்தக் காரியம் நம் சிந்தனையின் உதவி எதையும் கோராமல் நடந்தேறுகிறது.

இந்த ஏற்பாட்டின் நடுவே காற்றை ஊதும் யந்திரம் ஒன்று வந்து புகுந்துகொண்டால் கவளத்தின் கதி என்ன? சுவாசத்துக்குத் துணைசெய்யும் யந்திரங்களின் சரித்திரத்தை வைத்தியர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். எந்த யந்திரம் எந்த ஆண்டில் எவரால் செய்யப்பட்டது, அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பவை அந்த நூல்களில் பிரகாசமாக விளங்குகின்றன. ஆனால் யந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டார், யார் ஊட்டினார்கள் என்பது அவற்றில் ஓரமாகவே நிற்கிறது. யந்திரம் வைத்தியருடைய பொறுப்பாகவும் கவளம் உறவினருடைய பொறுப்பாகவும் பிரிந்துபோனதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். விடுபட்ட அந்தப் பகுதியைப் பம்பாயில் நின்று எழுதிப் பார்ப்பது பொருத்தமானது. ஏனெனில் காற்றைப் பற்றிய கவலையே இந்நகரத்தின் இன்றைய உருவத்தைப் பெரிதும் நிர்ணயித்தது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, நோய்க்குக் காரணம் கிருமியா, நெரிசலா, கெட்ட காற்றா என்று அதிகாரிகள் தர்க்கித்துக்கொண்டிருக்க, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் சட்டபூர்வமாக ஏற்பட்டு, நெருக்கடியான பேட்டைகளுக்குள் கடற்காற்று புகுவதற்காக பிரின்ஸஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை முதலிய வீதிகளைத் திறந்ததோடு, வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் கூடிய குடியிருப்புகளுக்கு மனை பிரித்தது. குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் பிழைக்க வந்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவில் குடியேறி, கோவிலும் சபாவும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் கண்டார்கள். அதற்கு அருகிலேயே தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடுவோரும் கூலித் தொழிலாளரும், காற்றுக்காக எந்த டிரஸ்டும் கவலைப்படாத சந்துகளில் குடிசை போட்டார்கள். இவ்விரு வகைத் தமிழர்களும் வியாதி முற்றும்போது ஒரே வாசலில் சந்தித்துக்கொள்ளும் இடமாக, லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கிய நகரசபை ஆஸ்பத்திரி 1947இல் சயானில் தோன்றியது. அதன் முழுப்பெயரைச் சொல்பவர்கள் சொற்பம். சயான் ஆஸ்பத்திரி என்றாலே போதும்.

அதற்குள் மேல்நாட்டில் பரவலாக வழங்கிய முதல் சுவாச யந்திரம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1928இல் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், பிலிப் டிரிங்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்த இரும்புப் பெட்டி ஒன்றில், இளம்பிள்ளை வாதத்தால் மார்புத் தசைகள் செயலற்றுப்போன எட்டு வயதுச் சிறுமி படுக்கவைக்கப்பட்டாள். தலை மட்டும் வெளியே. கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகும், கூடும்போது வெளியே வரும். இதற்கு இரும்பு நுரையீரல் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் போத் என்பவர் இதையே மலிவாக ஒட்டுப்பலகையில் செய்ய, மோட்டார் முதலாளியான நஃபீல்டு பிரபு 1938இல் தம்முடைய கார் தொழிற்சாலையில் அவற்றைத் தயாரித்து, சாம்ராஜ்யத்தில் எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் இனாமாக அனுப்புவதாக அறிவித்தார்.

பெட்டிக்குள் கிடந்தவர்கள் சாப்பிட்ட விதம் விசேஷமானது. மூச்சு அவர்கள் வசத்தில் இல்லை. அது துருத்தியின் வசத்தில் இருந்தது. மல்லாந்து படுத்த நிலையில், வாயில் உள்ள கவளத்தை மென்றபடி துருத்தியின் ஓசைக்குக் காதுகொடுத்துக் காத்திருந்து, யந்திரம் மூச்சை வெளியே விடும் கணத்தில் விழுங்கிவிட வேண்டும். தப்பி உள்ளிழுக்கும் கணத்தில் விழுங்கினால், கவளத்தை நுரையீரலுக்குள் இழுத்துவிடுமளவு பலம் யந்திரத்துக்கு உண்டு. பிழைத்து வந்தவர்கள் பலர் இந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டதைப் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்கள். ஆனால் தாளம் கற்றுக்கொள்ளக்கூட வழியில்லாத ஒரு கூட்டம் இருந்தது. இளம்பிள்ளை வாதம் சிலருக்கு மார்பையும் கைகால்களையும் மட்டும் தாக்காமல், மூளையின் அடித்தண்டைத் தாக்கித் தொண்டையையே முடக்கிவிடும். அவர்களால் தங்கள் எச்சிலைக்கூட விழுங்க இயலாது. தொண்டையில் தேங்கிய எச்சிலை இரும்புப் பெட்டி ஒவ்வொரு மூச்சிலும் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் உறிஞ்சிற்று. மூச்சு கொடுப்பதற்காக வந்த யந்திரமே மூச்சைக் கெடுக்கும் சாதனமாக மாறிய விபரீதம் இது.

பம்பாய் இந்த வியாதியை நன்றாக அறிந்த ஊர். சுதந்திரத்துக்கு முன்பே ஃபாத்திமா இஸ்மாயில் அம்மையார் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தம் மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் சென்னையில் டாக்டர் எம். ஜி. கினியிடம் சிகிச்சை பெற்றுத் திரும்பி, தம் குழந்தைக்குக் கிடைத்தது மற்றக் குழந்தைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்ற உறுதியோடு 1947இல் பம்பாயில் ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். ஹாஜி அலியில் எழுந்த குழந்தைகள் ஆஸ்பத்திரி அதன் விருத்தியே. 1949இல் நகரத்தில் இந்நோய் கொள்ளையாகவே பரவியதன் பயனாக, அதனை ஆராய்வதற்கென்று ஒரு பிரிவு அரசாங்க உதவியுடன் ஏற்பட்டு, பின்னாளில் என்டெரோவைரஸ் ஆராய்ச்சி நிலையமாகப் பரேலில் நிலைபெற்றது. காலுக்குப் பட்டையும் கைக்குப் பயிற்சியும் தந்த ஸ்தாபனங்கள் இவ்வாறு நமக்கு வாய்த்தன. தொண்டை முடங்கிய குழந்தைகளோ ஸ்தாபனங்களின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பெரும்பாலும் மாண்டுபோயின.

அந்த மரணத்துக்கு விடை 1952ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனில் பிறந்தது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் முதல் மூன்று வாரங்களில் யந்திர உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துவிட, மயக்கமருந்து வைத்தியரான பியோர்ன் இப்சன், தொண்டைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் காட்டினார். ஏறக்குறைய 1,500 வைத்திய மாணவர்கள் முறைபோட்டு, இரவும் பகலும், மாதக்கணக்கில் அந்தப் பைகளை அமுக்கினார்கள். மரண விகிதம் பாதிக்குக் கீழே இறங்கியது. தற்கால வென்டிலேட்டர் சிகிச்சையும் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளும் இதிலிருந்தே கிளைத்தன. சரித்திர ஆசிரியர்கள் இதைக் காற்றின் வெற்றி என்று வருணிப்பார்கள். எனக்கோ இது காற்றையும் கவளத்தையும் விவாகரத்து செய்துவைத்த சம்பவமாகவே படுகிறது. விழுங்குதலின் சிக்கலை இப்சன் தீர்க்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புறவழி கண்டுபிடித்தார். உயிர் பிழைப்பதற்கு அதுவே போதுமானதாயிருந்தது.

நம் நாட்டில் அந்தப் புறவழிக்கு அதிகமாக வேலை கொடுத்தது ரணஜன்னி. தாடை பூட்டிக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் வாயில் பட்டாலே குரல்வளை இறுகி மூச்சு நின்றுவிடக்கூடிய அந்த நோய், பம்பாய் ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கிடத்திற்று. டாக்டர் ஜே. சி. படேல் அவர்களின் முயற்சியால் ரணஜன்னி பற்றிய முதல் சர்வதேச மகாநாடு 1963இல் இந்நகரத்திலேயே கூடியது, ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபரோக் உத்வாடியா இந்நோயாளிகளுக்கான சுவாசச் சிகிச்சையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னியில் முதல் அறிகுறி, நேற்றுவரை பால் குடித்த சிசு இன்று குடிக்க மாட்டாமல் போவது. அதைக் கண்டுபிடிப்பது வைத்தியர் அல்லர், தாய். தாய்மாரையும் சிசுக்களையும் தாக்கும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல்தான் அறிவிக்கப்பட்டது.

இனி முகமூடியின் கதைக்கு வருவோம். கழுத்தைத் துளைக்காமல், தொண்டைக்குள் குழாய் நுழைக்காமல், முகத்தின் மேல் இறுக்கமாக ஒரு மூடியைப் பொருத்தி அதன் வழியே அழுத்தத்தோடு காற்றை ஊதலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1936இல் லண்டனில் பூல்டன் என்ற வைத்தியர், தூசு உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி ஊதவைத்து, இருதய பலவீனத்தால் மூச்சுத் திணறியவர்களுக்கு முகமூடி வழியே உதவினார். கோபன்ஹேகனின் கீர்த்திக்கு முன் அது மறக்கப்பட்டது. 1971இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி, குறைமாதச் சிசுக்களின் நுரையீரல் மூச்சின் முடிவில் சுருங்கிவிடாமலிருக்க இடைவிடாத அழுத்தம் கொடுக்கும் முறையை வெளியிட்டார். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்றுபோகிறவர்களுக்காக மறுபடியும் ஒரு தூசு யந்திர மோட்டாரையே எடுத்து மூக்கு மூடியோடு இணைத்தார். 1995இல் பிரெஞ்சு வைத்தியர்கள் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுள், முகமூடி பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கே தொண்டைக்குழாய் தேவைப்பட்டது என்றும், மற்றவர்களில் அது 74 சதவீதம் என்றும் தெரிந்தபின், முகமூடிக்கு எதிர்வாதம் ஓய்ந்தது. இன்று பைபாப் மிஷின் என்று மாட்டுங்காவின் மருந்துக்கடைக்காரர்கள்கூடச் சரளமாகச் சொல்லும் உபகரணம் இதன் சந்ததி.

புறவழி மூடப்பட்டு, காற்று மறுபடியும் பழைய பொதுப்பாதைக்கே திரும்பிவிட்டது என்பதுதான் இதன் பொருள். கவளமும் எச்சிலும் போகவேண்டிய அதே பாதையில் இப்போது காற்று தானாக வருவதில்லை, தள்ளப்பட்டு வருகிறது. உணவுக்குழலின் அடிவாயில் உள்ள தசைவளையம் சாதாரணமாக 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரையில் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேற்பட்டாலோ, நோயாளி யந்திரத்தோடு ஒத்துப்போகாமல் காற்றை விழுங்கிக்கொண்டே இருந்தாலோ இரைப்பை உப்பிவிடும். உப்பிய இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சுக்கே இடைஞ்சலாகும். குமட்டி வாந்தி வந்தால், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிய கவசத்துக்குள் அது போவதற்கு வேறு வழியின்றி, அடுத்த ஊதலில் நுரையீரலுக்கே திரும்பும் அபாயம் உண்டு. உள்ளே நடப்பது நர்ஸின் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதனாலேயே இந்த மூடிகளைத் தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். இவையன்றி, ஓயாத காற்றோட்டத்தால் வாயும் தொண்டையும் வறண்டு, எச்சில் கயிறுபோல் தடித்து, விழுங்குதலுக்கு வேண்டிய வழுவழுப்பே இல்லாமல் போகிறது.

இவற்றைவிட நுட்பமான ஒரு விளைவை ஜப்பானில் நிஷினோவும் அவருடைய சகாக்களும் 1989இல் எடுத்துக்காட்டினார்கள்: மூக்கின் வழியே இடைவிடாத அழுத்தம் கொடுக்கப்படும்போது, தொண்டையில் நீர் பட்டவுடன் தானாகவே எழவேண்டிய விழுங்கும் உந்துதல் மந்தமாகிறது. காவலாளி உறங்கவில்லை, ஆனால் கூப்பிட்ட குரலுக்குத் தாமதமாக எழுந்திருக்கிறான் என்று இதைச் சொல்லலாம். எனினும் முகமூடியின்மேல் பழியை மட்டும் சுமத்துவது நியாயமாகாது. மேல்மூச்சு வாங்கும் நோயாளிக்கு, விழுங்குவதற்காக மூச்சை நிறுத்தும் அந்த ஒரு விநாடியே பெரிய கடன். கடனை அடைக்கும் அவசரத்தில் அவர் விழுங்கி முடித்தவுடன் மூச்சை வெளியே விடுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கிறார், இயற்கையின் ஏற்பாடு தலைகீழாகிறது. முகமூடி அந்த மேல்மூச்சைத் தணித்தால், விழுங்குதலும் சீர்படத்தானே வேண்டும்? 2014இல் பிரான்ஸில் நிக்கோலா டெர்ஸி முதலியோர் இதைச் சோதித்து, விழுங்கும் கணத்தில் நோயாளியே ஒரு பொத்தானை அமுக்கி ஊதலை நிறுத்திக்கொள்ளும்படி யந்திரத்தை அமைத்தபோது, தாளம் சீர்ப்பட்டதைக் கண்டார்கள். இரும்புப் பெட்டிக்குள் மனிதர் யந்திரத்துக்காகக் காத்திருந்தார்; இங்கே யந்திரம் மனிதருக்காகக் காத்திருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் திருப்தி அளிப்பது இந்தச் சிறிய பொத்தான்தான். ஆனால் வழக்கமாக விற்பனையாகும் யந்திரங்களில் அதைத் தேடினால் அகப்படாது.

சயான் ஆஸ்பத்திரியில் இப்பிரச்சினை மிகச் சிறிய உருவத்தில், ஒரு கிலோ எடைகூட நிறையாத சிசுக்களின் உருவத்தில் வந்தது. தாராவிப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் அந்த ஆஸ்பத்திரியில், டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கியை ஸ்தாபித்தார். ஆசியாவிலேயே அது முதலாவது. பால் சேமித்துவைப்பது பாதிக் காரியம். அதைச் சிசுவுக்குள் செலுத்துவதே மறுபாதி. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் முறையாகக் கோக்கும் திறமை கருவில் ஏறக்குறைய 34 வாரம் ஆனபிறகே சிசுவுக்குக் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்ததற்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இரைப்பைக்கு மெல்லிய குழாய் வைப்பார்கள். சிறிது தேறியதும் கரண்டியாலோ பாலாடையாலோ புகட்டுவார்கள். நம் பாட்டிமார் சங்கிலும் பாலாடையிலும் பாலை எடுத்து, சிசு விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த துளியைச் சாய்த்த அந்தப் பழைய கிரமமே இந்தியச் சிசு வைத்தியப் பிரிவுகளில் சாஸ்திரீய முறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. பாலாடை என்ற பெயர் ஆங்கில வைத்தியப் புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது.

அதே சிசுவின் மூக்கில் காற்றழுத்தக் குழாயும் பொருத்தப்பட்டிருந்தால் என்ன செய்வது? காற்று குடலில் புகுந்து வயிறு பளபளவென்று உப்பும். அதை வெளியேற்ற இரைப்பைக் குழாயின் வாயைத் திறந்துவைப்பார்கள். வாய்வழியாகப் பால் கொடுக்கலாமா என்பதில் வைத்தியர்களுக்குள் இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அழுத்தம் இருக்கும்போதும் நிறுத்தப்பட்டபோதும் சிசுக்கள் விழுங்குவதை எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, அழுத்தத்தின்போது பால் மூச்சுக்குழலுக்குள் அதிகமாக நுழைவதைக் கண்டு, ஏழு சிசுக்களோடு நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. ஏழு என்பது அற்பமான தொகை என்று கணித நிபுணர்கள் சொல்லக்கூடும். எட்டாவது சிசுவை அந்த மேசைக்குக் கொண்டுவராமல் விட்டதே அந்த ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருமை.

ஆயுளின் மறுகோடியில் இருப்பவர்களின் கதை செம்பூரில் நடக்கிறது. டிராம்பேக் கரையில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அதையடுத்து அனல் மின் நிலையமும், 1965இல் உரத் தொழிற்சாலையும் எழுந்தபின், காற்றுக்காக மாட்டுங்காவைத் தாண்டி வந்து குடியேறிய குடும்பங்கள் செம்பூரில் புகைக்கு நடுவே வாழ நேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் கே. இ. எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் எஸ். ஆர். காமத் தலைமையில் வைத்தியர்கள் செம்பூர், லால்பாக், கார் ஆகிய பகுதிகளையும் ஒரு கிராமத்தையும் ஒப்பிட்டு, காற்றின் கேட்டுக்கும் ஜனங்களின் இருமலுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் நடுவயதில் இருமியவர்களுள் உயிரோடிருப்பவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலருடைய படுக்கையறையில் பைபாப் மிஷின் உறுமிக்கொண்டிருக்கிறது.

அத்தகைய பெரியவருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால், நம் வீட்டார் யோசனையே இல்லாமல் ரசஞ்சாதம் என்பார்கள். ஜுரத்துக்கும் அஜீரணத்துக்கும் அது உத்தமமான பத்தியம். மாட்டுங்காவின் மெஸ்களில் இலைபோட்டு வளர்ந்த நாக்குக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை. ஆனால் விழுங்குவதில் தளர்ச்சி உள்ளவருக்கு அது வஞ்சகமான உணவு. சோறு மெல்லப்படுவதற்காக வாயில் தங்கியிருக்கும்போதே, நீர்த்த ரசம் முந்திக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடுகிறது, குரல்வளை சாத்திக்கொள்ள இன்னும் ஆயத்தமாகவில்லை, பெரியவர் இருமுகிறார். திடமும் திரவமும் இவ்வாறு கலந்த உணவே விழுங்குவதற்கு மிகவும் கடினமானது என்பது இத்துறை நிபுணர்களின் பொதுக்கருத்து. குழையக் கரைத்து ஒரே பதமாக்கிய தயிர்சாதமோ, கெட்டியான கஞ்சியோ அவருக்கு எவ்வளவோ பத்திரமானது. தாராவியில் விடிவதற்கு முன்பே ஆவியில் வேகவைத்து, சைக்கிள்களில் நகரமெங்கும் போகிற இட்டிலியும் மிருதுவானதுதான். ஆனால் வறண்ட வாயில் அது உதிர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாம்பாரில் நன்றாக ஊறவைத்து மசித்தால் ஒழிய அதையும் நம்பவேண்டியதில்லை.

வீட்டார் அருகில் நின்று ஊட்ட முடியாத ஒரு காலமும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் கொரோனாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டு, அன்றே இறந்துபோனார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் அவ்விடத்தில் நோய் கட்டுக்கடங்காது என்று உலகம் எதிர்பார்த்தது. நகரசபையின் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைத் தேடிப் பிரித்துவைத்ததன் பலனாக அது கட்டுக்கடங்கியதும், அவ்வாண்டு ஜூலையில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் புகழ்ந்ததும் யாவரும் அறிந்தவை. அங்குள்ள இயற்கைப் பூங்காவின் பக்கத்தில் பிராணவாயு வசதியோடு 200 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி இரண்டு வாரங்களில் எழுந்தது. பிராணவாயுவுக்குக் கணக்கு இருந்தது, சிலிண்டருக்குக் கணக்கு இருந்தது, ரத்தத்தில் கலந்த பிராணவாயுவின் சதவீதத்துக்கு மணிக்கு மணி கணக்கு இருந்தது.

கவளத்துக்கு மட்டும் கணக்கு இருந்ததில்லை. ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். நம் பொது ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு ஊட்டுவது மனைவி, மகள், தம்பி ஆகியோரின் வேலையாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. எந்த உத்தரவும் இதை அவர்களிடம் ஒப்படைக்கவில்லை, எந்தப் பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. தொற்று அவர்களை வெளியே தள்ளியபோது, மாஸ்கைக் கழற்றினால் அளவுமானியில் எண் சரிகிறது, கழற்றாவிட்டால் சாப்பிட முடியாது என்ற தர்மசங்கடத்தில் நோயாளி தனியே விடப்பட்டார். இரண்டு வாய் உண்டுவிட்டு மூச்சிரைத்துத் தட்டை ஒதுக்கியவர்களின் பசி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தலை முதல் கால் வரை கவசம் அணிந்து, வியர்வையில் நனைந்த நர்ஸுகள் தங்களால் இயன்றவரையில் ஊட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் முப்பது பேருக்கு ஊட்ட முடியாது என்பதையும் சொல்லவேண்டும்.

விழுங்குதலைப் பரிசோதிக்கும் வித்தை நமக்கு அந்நியமன்று. அமெரிக்காவில் ஜெரி லோகமன் அம்மையார் அதை 1983இல் ஒரு நூலாகவே வகுத்தார். ஸூஸன் லாங்மோர் 1988இல் மூக்கு வழியே மெல்லிய ஒளிக்குழாயை விட்டுத் தொண்டையைப் பார்க்கும் முறையை வெளியிட்டார். பேச்சுச் சிகிச்சை என்னும் துறை இந்தியாவில் வேரூன்றியதே பம்பாய் நாயர் ஆஸ்பத்திரியிலும் மைசூரிலும், 1960களில். 1983 முதல் பாந்த்ராவில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிலையமும் இருக்கிறது. பேச்சைத் திருத்துபவரே விழுங்குதலையும் திருத்துபவர் என்பது மட்டும் நம் ஜனங்களுக்கு இன்னும் எட்டவில்லை. திக்குவாய்க் குழந்தையை அவரிடம் அழைத்துப்போகிறவர்கள், புரையேறும் தாத்தாவை அழைத்துப்போவதில்லை.

வீட்டில் மாஸ்க் அணிந்த பெரியவர் உள்ளவர்கள், அவருக்கு எப்போது கழற்றலாம், எவ்வளவு நேரம் கழற்றலாம், மூக்கு மூடி மட்டும் போதுமா, எந்தப் பதத்தில் உணவு கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கவளமாகக் கொடுத்து, வாய் காலியானதைப் பார்த்த பிறகே அடுத்ததை நீட்ட வேண்டும். சாப்பிட்ட உடனே மாஸ்கை மாட்டிப் படுக்கவைத்துவிடக் கூடாது. நகரசபைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சயானிலோ, செம்பூரிலோ, தாராவியின் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியிலோ ஒரு சுவாச யந்திரம் வாங்கப்படும்போது, அதற்கு உதிரிபாகமும் மெக்கானிக்கும் வேண்டும் என்று கோப்பில் எழுதுகிறார்கள் அல்லவா, அதே கோப்பில் விழுங்குதலைச் சோதிக்கத் தெரிந்த ஒருவருக்கும் சம்பளம் எழுத வேண்டும்.